அலையிலிருந்து மின்சாரம்: பாம்பா, மிதவையா, காற்றறையா?

போர்ச்சுகலின் வடக்குக் கரையில், போவுவா டி வார்சிம் நகரை ஒட்டிய அகுசாதோரா என்னும் ஊருக்கு எதிரே உள்ள கடற்பரப்பை, அலை மின்சாரத்தில் பணம் போட நினைக்கும் எவரும் முதலில் உற்றுப் பார்க்க வேண்டும். 2008 செப்டம்பரில், கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், பெலாமிஸ் என்னும் பாம்பு வடிவ மிதக்கும் இயந்திரங்கள் மூன்று கொண்ட 2.25 மெகாவாட் அலை மின்பண்ணை அங்கே தொடங்கி வைக்கப்பட்டது. இரண்டே மாதங்களில் அந்த மூன்றும் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்டன. அதன்பின் அவை அந்தக் கடலுக்குத் திரும்பவே இல்லை. 2011இல் அதே கடலில் 2 மெகாவாட் மிதக்கும் காற்றாலை ஒன்று நிறுவப்பட்டு, சுமார் ஐந்து ஆண்டுகள் நின்று மின்சாரம் தந்தது. 2023இல் ஸ்வீடனைச் சேர்ந்த கோர்பவர் ஓஷன் நிறுவனம் 300 கிலோவாட் மிதவை ஒன்றை அங்கே நிறுத்தியது; அந்த ஆண்டு நவம்பர்ப் புயலில் 18.5 மீட்டர் வரை உயர்ந்த அலைகளை அது தாங்கி நின்றதாக நிறுவனம் அறிவித்தது. ஒரே கடல், ஒரே அலை, மூன்று வகைக் கருவிகள், மூன்று விதமான முடிவுகள்.

இந்தக் கட்டுரை ஒரு குறிப்பிட்ட முடிவை எடுக்க வேண்டியவர்களுக்காக எழுதப்படுகிறது. ஒரு தீவு நிர்வாகமோ, துறைமுக வாரியமோ, மாநில அரசோ பொதுப்பணத்தைக் கொண்டு முதல் அலை மின்திட்டத்தைத் தொடங்க விரும்பினால், எந்த வகைக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி. விற்பனையாளர்கள் முன்வைக்கும் முதல் எண் எப்போதும் கருவியின் உச்சத் திறனாகவே இருக்கும். அந்த எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறு இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: ஆண்டின் மிக மோசமான நாளில் இந்தக் கருவி என்ன செய்யும்? பழுதானால் அதன் அருகே மனிதன் எப்படிப் போவான், அல்லது அது எப்படிக் கரைக்கு வரும்? கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் மூடப்பட்ட நிறுவனங்களின் கதைகளைப் படித்தால், அலையில் ஆற்றல் இல்லாமல் தோற்றவர் அரிது. இந்த இரண்டு கேள்விகளுக்கு மலிவான விடை கிடைக்காமல் தோற்றவர்களே மிகுதி.

அதற்கான காரணம் அலையின் கணக்கிலேயே இருக்கிறது. ஆழ்கடலில் ஒரு மீட்டர் அகல அலைமுகப்பு கொண்டுவரும் ஆற்றல், அலையின் உயரத்தின் இருமடிக்கும் அதன் கால இடைவெளிக்கும் ஏற்ப உயரும். சராசரியாக 2 மீட்டர் உயரமும் 8 விநாடி இடைவெளியும் உள்ள கடலில் மீட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோவாட் கிடைக்கும். அதுவே 6 மீட்டர், 12 விநாடி என்று ஆனால் 200 கிலோவாட்டைத் தாண்டிவிடும். அதாவது உயரம் மூன்று மடங்கும் இடைவெளி ஒன்றரை மடங்கும் ஆகும்போது ஆற்றல் பதின்மூன்று மடங்கு ஆகிறது. கருவியின் வருமானம் சாதாரண நாள்களின் அலையிலிருந்து வருகிறது. ஆனால் அதன் எஃகும் நங்கூரமும் மூட்டுகளும் புயல்நாளின் அலைக்கு ஏற்றவாறு கட்டப்பட வேண்டியிருக்கிறது. சம்பாதிப்பது ஒரு கடலில், செலவழிப்பது வேறொரு கடலுக்கு என்ற இந்த முரண்பாட்டை எந்த அளவுக்குச் சமாளிக்கிறது என்பதை வைத்தே ஒவ்வொரு வடிவமைப்பையும் எடைபோட வேண்டும். இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. அலை நிமிடத்துக்கு ஆறேழு முறை மட்டுமே, பெரும் விசையோடு, முன்னும் பின்னுமாகத் தள்ளுகிறது. ஜெனரேட்டருக்கோ வேகமான, சீரான, ஒரே திசைச் சுழற்சி வேண்டும். இரண்டுக்கும் நடுவே எதை வைப்பது என்பதில்தான் ஒவ்வொரு வகையும் மற்றதிலிருந்து வேறுபடுகிறது.

முதல் தெரிவு, கடற்பாம்பைப் போல நீளவாட்டில் மிதக்கும் பெலாமிஸ் வகை. எடின்பரோவில் 1998இல் ரிச்சர்ட் யெம் தொடங்கிய நிறுவனம் இதை உருவாக்கியது. முதல் மாதிரி 120 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் விட்டமும் உடையது. திறன் 750 கிலோவாட். 2004இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் உள்ள ஐரோப்பியக் கடல் ஆற்றல் மையத்தின் சோதனைத்தளத்தில் இது தேசிய மின்கட்டமைப்புக்கு மின்சாரம் அனுப்பியது; கடலில் மிதக்கும் அலைக்கருவி ஒன்று அவ்வாறு செய்தது அதுவே முதல் முறை. எஃகு உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். அலை கீழே கடந்து செல்லும்போது உருளைகள் மூட்டில் மடங்கும். அந்த மடக்கத்தை ஹைட்ராலிக் தண்டுகள் தடுத்து, எண்ணெயை உயர் அழுத்தத்தில் சேமிப்புக் கலங்களுக்குள் தள்ளும். அங்கிருந்து எண்ணெய் சீராக வெளியேறி ஹைட்ராலிக் மோட்டாரையும், அதோடு இணைந்த ஜெனரேட்டரையும் சுழற்றும். அலையின் விட்டுவிட்டு வரும் தள்ளுதலைச் சீராக்கும் வேலையை அழுத்தத்தில் அடைபட்ட எண்ணெய் செய்கிறது.

மோசமான நாளுக்கு இந்த வடிவமைப்பு வைத்திருந்த பதில் நல்ல பதில். மூக்கில் மட்டும் கட்டப்பட்டிருப்பதால் இயந்திரம் தானாகவே அலையின் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். அலைக்குக் காட்டும் முகப்பு 3.5 மீட்டர் வட்டம் மட்டுமே. மிகப் பெரிய அலை வந்தால் அதன்மேல் ஏறாமல் ஊடுருவிச் செல்லும். இரண்டாவது கேள்விக்கும் அவர்கள் யோசித்திருந்தார்கள். கடலில் வைத்துப் பழுதுபார்ப்பதில்லை, கழற்றி இழுவைக் கப்பலில் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து பழுதுபார்ப்பது என்பது தொடக்கத்திலிருந்தே அவர்களின் கொள்கை. முக்குளிப்பவர்களின் உதவியின்றிப் பூட்டவும் கழற்றவும் கூடிய இணைப்பையும் உருவாக்கியிருந்தனர். அகுசாதோராவில் பேரிங்கில், அதாவது மூட்டின் அசைவைத் தாங்கும் பாகத்தில், பழுது தெரிந்தபோது மூன்று இயந்திரங்களும் பாதுகாப்பாகத் துறைமுகம் வந்து சேர்ந்தன என்பது இந்தக் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி.

பழுது எங்கே வந்தது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். மூட்டு ஒன்றில் உள்ள பேரிங், சாதாரண இயந்திரத்தில் உள்ளதைப் போல முழுச்சுற்றுச் சுழல்வதில்லை. சில பாகை அளவுக்கு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில், ஒரே பரப்பின்மீது, பல டன் சுமையோடு. எட்டு விநாடிக்கு ஓர் அலை என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ நாற்பது லட்சம் முறை. பட்டறையில் எத்தனை சோதித்தாலும், உப்புநீரும் ஒழுங்கற்ற அலையும் சேர்ந்து தரும் தேய்மானத்தை முன்கூட்டியே சரியாகக் கணிப்பது கடினம். பழுதைச் சரிசெய்யும் வழி தெரிந்திருந்தும், அதற்கான பணம் வரும் வழி அடைபட்டுவிட்டது. திட்டத்தில் பெரும்பங்கு வைத்திருந்த ஆஸ்திரேலிய முதலீட்டு நிறுவனமான பேப்காக் அண்ட் பிரவுன், அந்த ஆண்டின் உலக நிதி நெருக்கடியில் சரிந்தது. பின்னர் 180 மீட்டர் நீளமுள்ள இரண்டாம் தலைமுறை இயந்திரங்கள் இரண்டு ஆர்க்னியில் சோதிக்கப்பட்டன. ஆனாலும் 2014 நவம்பரில் நிறுவனம் திவால் நிர்வாகத்தின்கீழ் சென்றது. அதன் அறிவுச்சொத்து ஸ்காட்லாந்து அரசு உருவாக்கிய அலை ஆற்றல் அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதையிலிருந்து பெலாமிஸ் தவறான வடிவமைப்பு என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. ஆனால் இன்று முடிவெடுப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஒவ்வோர் இயந்திரமும் மிகப் பெரியது, ஒவ்வொன்றிலும் பல மூட்டுகள், ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சிறிய மின்நிலையம். ஒன்றைச் செய்து, சோதித்து, திருத்தி, மறுபடி செய்வதற்கான ஒரு சுற்றுக்கே பல ஆண்டுகளும் பெரும் தொகையும் தேவைப்படுகின்றன. கற்றுக்கொள்ளும் வேகம் குறைவாக இருக்கும் தொழில்நுட்பத்துக்கு, நீண்டகாலம் பொறுக்கக்கூடிய முதலாளி வேண்டும்.

இரண்டாவது தெரிவு புள்ளி மிதவை. கோர்பவர் நிறுவனத்தின் சி4 மிதவை 9 மீட்டர் விட்டமும் ஏறத்தாழ 70 டன் எடையும் உடையது; உடல் எஃகினால் அன்றி நார்க்கலவையால் செய்யப்பட்டது. கடலடியில் உள்ள நங்கூரத்தோடு இறுக்கமாகக் கட்டப்பட்டு, அலையோடு மேலும் கீழும் ஏறி இறங்கும் அசைவைப் பற்சக்கரங்கள் வழியே சுழற்சியாக மாற்றுகிறது. இதன் மூலக் கருத்தைத் தந்தவர் இதயத்தின் இயக்கத்தை ஆராய்ந்த ஸ்டிக் லுண்ட்பெக் என்ற ஸ்வீடிய மருத்துவர். உள்ளே இருக்கும் காற்றழுத்த உருளை மிதவையை எப்போதும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். அலை மேலே தூக்கும்போது ஒரு பங்கு ஆற்றல் அந்த அழுத்தத்தில் சேர்ந்து, இறங்கும்போது மிதவையைக் கீழே தள்ளும்; ஆகவே ஏற்றம், இறக்கம் இரண்டிலும் மின்சாரம் கிடைக்கிறது.

சிறிய மிதவையின் பழைய குறை என்னவென்றால், அது தானாக ஆடும் தாளம் பெருங்கடல் அலையின் தாளத்தைவிட வேகமானது. தாளம் ஒத்துப்போகாத ஊஞ்சலைத் தள்ளுவது போல, வரும் ஆற்றலில் பெரும்பகுதி வீணாகிவிடும். சி4 மிதவையின் உள்ளே உள்ள, ஸ்பிரிங் போன்ற ஒரு வில்லமைப்பு, மிதவையை அலையின் தாளத்துக்கு இசைய வைத்து அதன் அசைவைப் பெருக்குகிறது. புயல் வரும்போது அந்த இசைவைத் தளர்த்திவிட்டால், மிதவை அலையை எதிர்க்காமல், அதிலிருந்து அதிகம் எடுத்துக்கொள்ளாமல், தன் போக்கில் இருந்துவிடும். காற்றாலை புயலில் தன் இறக்கைகளைத் திருப்பிக் காற்றை விட்டுவிடுவதற்கு நிகரான இந்த வசதி, அலைத்துறைக்கு நெடுநாள் கிட்டாமல் இருந்தது. நான் இந்த வகைக்குக் கூடுதல் மதிப்பெண் தருவதற்குத் தலையாய காரணம் இதுவே. சாதாரண நாளில் அதிகமாகவும் மோசமான நாளில் குறைவாகவும் அலையோடு பிணைந்திருக்கக் கூடிய கருவிதான், மேலே சொன்ன வரவு செலவு முரண்பாட்டை நேரடியாகக் கையாளுகிறது.

எடையும் பெரிதும் உதவுகிறது. 70 டன் என்பது சாதாரணத் துறைமுகத்தின் கிரேனும் நடுத்தர இழுவைக் கப்பலும் கையாளக்கூடிய அளவு. வியானா டோ காஸ்டெலோ துறைமுகத்திலிருந்து மிதவையைக் கொண்டுபோய்ப் பூட்டி, பின்னர் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து சோதிப்பது அவர்களின் சோதனைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. குறைபாடுகளும் இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றும் 300 கிலோவாட் என்றால் 10 மெகாவாட்டுக்கு முப்பத்து நான்கு மிதவைகள் வேண்டும். முப்பத்து நான்கு நங்கூரங்கள், அத்தனை மின்வடங்கள், அத்தனை இணைப்புகள். கடலடி மின்னிணைப்புகள் எல்லா வகைக் கடல் மின்நிலையங்களிலும் தலைவலி தருபவை. மிதவைகள் பரவி நிற்கும் பரப்பில் வலை வீச முடியாது என்பதால், மீனவர்களோடு முதலிலேயே பேசி இடத்தை முடிவு செய்யாத திட்டம் எந்தக் கரையிலும் நிலைக்காது. ஒரு மிதவை புயலைத் தாண்டியதும், ஒரு பண்ணை பத்து ஆண்டுகள் ஓடுவதும் வெவ்வேறு விஷயங்கள். முதலாவது நடந்திருக்கிறது, இரண்டாவது இன்னும் நடக்கவில்லை.

மூன்றாவது தெரிவு மிதக்கும் காற்றறை. கடல்நீர் நுழையும் அறை ஒன்று; உள்ளே நீர் ஏறி இறங்கும்போது மேலே அடைபட்ட காற்று வெளியேயும் உள்ளேயும் விரையும்; அந்தக் காற்று டர்பைனைச் சுழற்றும். காற்று எந்தத் திசையில் வந்தாலும் ஒரே பக்கமாகச் சுழலும் டர்பைனை, பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் வெல்ஸ் 1970களின் பிற்பகுதியில் வடிவமைத்தார். இந்த வகையின் பெருஞ்சிறப்பு, கடல்நீருக்குள் அசையும் உறுப்பு எதுவும் இல்லை என்பது. சுழல்வன எல்லாம் நீர்மட்டத்துக்கு மேலே, காற்றில் இருக்கின்றன. புயலில் காற்றுவழியின் அடைப்பான்களை மூடிவிட்டால் டர்பைன் பாதுகாப்பாக இருக்கும். ஜப்பானின் யோஷியோ மசுதா இதே முறையில் வழிகாட்டி மிதவைகளுக்கு விளக்கேற்றினார். 1965 முதல் அவை கடலில் பணிபுரிந்தன. அலை மின்சாரத்தின் வணிக வெற்றி என்று ஐயமின்றிச் சொல்லக்கூடிய முதல் பொருள் அந்தச் சிறிய விளக்கு மிதவைதான்.

பெரிய அளவுக்குப் போகும்போது கதை மாறுகிறது. அயர்லாந்தின் ஓஷன் எனர்ஜி நிறுவனத்துக்காக அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கட்டப்பட்ட ஓஇ35 என்ற மிதக்கும் காற்றறை 826 டன் எடையுடையது. 2019இல் கட்டி முடிக்கப்பட்ட அது, ஹவாயின் கடற்படைச் சோதனைத்தளத்தில் 2024இல்தான் நிறுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்ளாவில் ஓஷன்லிங்ஸ் நிறுவனம் நிறுத்தியிருந்த மிதக்கும் காற்றறை, மின்சாரம் தரத் தொடங்கிச் சில மாதங்களிலேயே, 2010 மே மாதக் கடல் கொந்தளிப்பில் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு கரையருகே மோதியது. டர்பைன் எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தாலும், பல நூறு டன் எடையுள்ள மேடையைப் பிடித்து நிறுத்தும் சங்கிலிதான் கடைசியில் முடிவு செய்கிறது. இந்த வகையில் எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு முயற்சி. ஸ்பெயினின் பாஸ்க் கரையில் அர்மின்ட்ஸா அருகே 2016இல் நிறுத்தப்பட்ட மார்மோக் என்ற 30 கிலோவாட் மிதக்கும் காற்றறை, சிறியதாக இருந்ததால், குளிர்காலங்களைக் கடந்து நின்று, பொறியாளர்களுக்கு வேண்டிய அளவீடுகளைத் தந்தது.

அதே பாஸ்க் கரையில் இருக்கிறது நான்காவது தெரிவு. அது மிதப்பதே இல்லை. ஆனாலும் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்காமல் விட்டால் முடிவெடுப்பவருக்குச் செய்யும் அநீதியாகும். முத்ரிகு என்ற சிறிய துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்ட வேண்டியிருந்தது. எப்படியும் கட்டப்போகும் அந்தச் சுவருக்குள் பதினாறு காற்றறைகளை அமைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் 18.5 கிலோவாட் வெல்ஸ் டர்பைன் ஒன்றைப் பொருத்தினார்கள். 2011இல் தொடங்கிய அந்த நிலையத்தின் மொத்தத் திறன் 296 கிலோவாட்தான். 2014 முதல் 2016 வரையான அளவீடுகளின்படி, உச்சத் திறனில் சராசரியாக 11 விழுக்காடு மட்டுமே மின்சாரமாகக் கிடைத்தது. கரைக்கு வந்து சேர்வதற்குள் அலை தன் ஆற்றலில் ஒரு பகுதியைக் கடலடியில் இழந்துவிடுகிறது. வெல்ஸ் டர்பைனோ காற்று அளவுக்கு மீறி விரைந்தால் திணறிவிடுகிறது. எண்களை மட்டும் பார்த்தால் இந்த நிலையம் ஏழை.

ஆனால் உள்ளே ஒரு தொழில்நுட்பர் எப்படி வேலை செய்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் படகில் ஏறுவதில்லை. கடல் அடங்கும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. சுவரின் மேலே உள்ள டர்பைன் கூடத்துக்குள் நடந்தே செல்கிறார். ஒரு டர்பைன் பழுதானால் அதற்கான அடைப்பானை மூடிவிட்டு, மற்ற பதினைந்தும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கழற்றலாம். வெளியே ஐந்து மீட்டர் அலை சுவரில் மோதிக்கொண்டிருக்கும் ஜனவரி நாளிலும் இதைச் செய்ய முடியும். கடலில் நிற்கும் எந்தக் கருவியும் இந்த வசதியைத் தர முடியாது. அதனால்தான் அந்த நிலையம் பத்தாண்டுகளைக் கடந்தும் ஓடியது; மேலே சொன்ன மார்மோக் மிதவையில் பொருத்துவதற்கு முன், புதிய வகை டர்பைன் ஒன்றை இங்கேதான் முதலில் சோதித்தார்கள். ஸ்காட்லாந்தின் ஐலாத் தீவில் 2000இல் கட்டப்பட்ட கரையோரக் காற்றறையும் பத்தாண்டுக்கு மேல் இயங்கியது. இந்தத் துறையில் அதிக வயது வாழ்ந்த கருவிகள் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தவையே.

வேறு வகைகளை விரைவாகவே கடந்துவிடலாம். எடின்பரோவின் ஸ்டீபன் சால்ட்டர் 1974இல் முன்வைத்த வாத்து வடிவக் கருவி ஆய்வகத்தில் வியக்கத்தக்க திறனைக் காட்டியது. பெருங்கடலில் முழு அளவில் அது கட்டப்படவே இல்லை. கடலடியில் கீல் வைத்து நிறுத்திய ஆய்ஸ்டர் என்ற பெரிய கதவு ஆர்க்னியில் 2009 முதல் சோதிக்கப்பட்டு, 2015இல் நிறுவனம் மூடப்பட்டதோடு நின்றது. பென்குயின் என்ற பின்லாந்துக் கருவி எல்லா உறுப்புகளையும் கப்பல் போன்ற ஓட்டுக்குள் மூடி வைத்துக் கடல்நீரிலிருந்து காத்தது நல்ல யோசனை. ஆயினும் 2019இல் அது ஆர்க்னிக் கடலில் மூழ்கியது.

இனி, மிதக்கும் காற்றாலையைப் பற்றிப் பேசாமல் எந்த முடிவும் நேர்மையாக இருக்காது. வியானா டோ காஸ்டெலோவுக்கு எதிரே 2020 முதல் மூன்று மிதக்கும் காற்றாலைகள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் 8.4 மெகாவாட். அவற்றில் ஒன்றுக்கு ஈடாக இருபத்தெட்டு சி4 மிதவைகள் தேவைப்படும். ஐரோப்பிய ஒன்றியம் தன் திட்ட இலக்காகவே அலை மின்சாரத்துக்கு 2025இல் கிலோவாட் மணிக்கு 20 யூரோ சென்ட், 2030இல் 15 சென்ட் என்றுதான் வைத்தது. மலிவான மின்சாரம் மட்டுமே குறிக்கோள் என்றால் விடை எளிது: காற்றாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலைக்கு இடம் கிடைப்பது வேறு காரணத்தால். எங்கோ தொலைவில் வீசிய காற்று எழுப்பிய அலை, உள்ளூரில் காற்று ஓய்ந்த பிறகும் வந்துகொண்டே இருக்கும். அதன் வருகையைக் காற்றைவிட நம்பகமாக முன்கூட்டிக் கணிக்கவும் முடியும். காற்றாலைகளின் நடுவே உள்ள வெற்றுக் கடலில், அவற்றுக்காகப் போட்ட அதே கடலடி மின்வடத்தில், அலை மிதவைகளையும் இணைத்தால் வடத்தின் செலவு பங்கிடப்படும். ஆகவே அட்லாண்டிக் கரையில் பெரிய அளவில் யோசிப்பவருக்கு நான் சொல்வது, அலைப்பண்ணையைத் தனியாகத் தொடங்காமல் காற்றாலைப் பண்ணையின் துணையாகப் புள்ளி மிதவைகளைச் சிறு தொகுதிகளாக நிறுத்த வேண்டும் என்பதே. பெரிய மிதக்கும் மேடைகளுக்கு, அவை எந்த வகையாக இருந்தாலும், பொதுப்பணத்தை இப்போது கொடுக்கக் கூடாது.

நம் கரையில் கணக்கு வேறு. இங்கும் அனுபவம் இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடி பொறியாளர்கள் கேரளத்தின் விழிஞ்ஞத்தில், அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி, 150 கிலோவாட் காற்றறை நிலையத்தை 1991இல் இயக்கிக் காட்டினார்கள். உலகில் மிகச் சிலரே அன்று அதைச் செய்திருந்தனர். பின்னர் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அதைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கியும் காட்டியது. 2022 நவம்பரில், தூத்துக்குடிக்கு 6 கிலோமீட்டர் அப்பால், 20 மீட்டர் ஆழத்தில், சிந்துஜா என்ற புள்ளி மிதவையை ஐஐடி நிறுத்தியது. அதன் திறன் 100 வாட். ஒரு மின்விசிறியோ இரண்டோ ஓட்டும் அளவுதான் என்று அதைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலில் நிற்கும் அளவீட்டுக் கருவிக்கும், விளக்கு மிதவைக்கும், தகவல் அனுப்பும் சாதனத்துக்கும் அவ்வளவு மின்சாரமே பெரிது. அங்கே போட்டி மின்வாரியக் கட்டணத்தோடு இல்லை, படகெடுத்துப் போய் பேட்டரி மாற்றும் செலவோடுதான். ஸ்காட்லாந்தின் மோஷன் எனர்ஜி நிறுவனம் 10 கிலோவாட் கருவி ஒன்றைக் கடலடி பேட்டரியோடு இணைத்து, எண்ணெய்க் கிணற்றுச் சாதனங்களுக்கு மின்சாரம் தர ஆர்க்னிக்கு அருகே முயன்றதும் இதே காரணத்தால்தான்.

மின்கட்டமைப்புக்கு மின்சாரம் தரும் மிதக்கும் பண்ணையைத் தமிழ்நாட்டுக் கரையில் இப்போது நிறுவக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம், மேலே கண்ட அதே வரவு செலவுதான். நம் கடலின் சராசரி அலை ஆற்றல் வட அட்லாண்டிக்கின் ஒரு சிறு பங்கே. மன்னார் வளைகுடாவை இலங்கையும் ஓரளவு மறைத்து நிற்கிறது. ஆனால் நம் மோசமான நாள் சிறியதல்ல. 2017இல் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் என்ன செய்தது என்பதைக் கடலோர ஊர்களில் யாரும் மறக்கவில்லை. வருமானம் குறைந்த அலையிலிருந்து, கட்டுமானச் செலவோ புயலின் அலைக்காக என்றால், அட்லாண்டிக்கில் நெருக்கடி தரும் கணக்கு இங்கே மேலும் நெருக்கடி தரும்.

தென்மேற்குப் பருவக்காற்றின் அலை நேராக வந்து மோதும் குமரி மாவட்ட மேற்குக் கரையில் மட்டும் ஒரு வாய்ப்பைப் பார்க்கிறேன். அங்கே மீன்பிடித் துறைமுகங்களின் அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டுவதும் நீட்டுவதும் தொடர்ந்து நடக்கும் பணி. தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் கேட்பது பாதுகாப்பான வாயிலை, மின்சாரத்தை அல்ல. ஆகவே சுவரின் நீளமும் கோணமும் படகுகளின் பாதுகாப்புக்காக மட்டுமே தீர்மானிக்கப்பட வேண்டும். அது முடிவான பிறகு, காங்கிரீட் அறைகளாகக் கட்டக்கூடிய பகுதி எதுவும் இருந்தால், அங்கே முத்ரிகுவைப் போலச் சில காற்றறைகளைச் சேர்க்கலாமா என்று பார்க்கலாம். அலையின் ஒரு பகுதியை உள்வாங்கிக்கொள்ளும் அறைகள், மொட்டைச் சுவரைப் போல அலையை முழுதாகத் திருப்பி அடிப்பதில்லை என்பது கூடுதல் நன்மை. கிடைக்கும் மின்சாரம் ஐஸ் ஆலைக்கோ, ஏலக்கூட விளக்குகளுக்கோ, குடிநீர்க் கருவிக்கோ உதவும் அளவில்தான் இருக்கும். அந்த அளவோடு நிறைவடையும் திட்டமாகவே அதை எழுத வேண்டும்.

எந்தக் கரையானாலும், எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும், ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகள் விட்டுப்போகக் கூடாது. ஒன்று, பணம் கருவியின் உச்சத் திறனுக்காக அல்லாமல், மூன்று ஆண்டுகளாவது கரைக்கு வந்து சேர்ந்த மின்சாரத்தின் அளவுக்கு ஏற்பத் தவணையாகக் கொடுக்கப்பட வேண்டும். மோசமான பருவத்தில் கருவி நின்றால் தவணையும் நிற்க வேண்டும். இன்னொன்று, அகற்றும் செலவு. ஓஷன்லிங்ஸ் நிறுவனத்தின் 3,000 டன் எடையுள்ள இன்னொரு காற்றறை, 2014இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் இழுத்துச் செல்லப்படும்போது சேதமடைந்து, காரிக்கலிங்கா ஊருக்கு அருகே ஆழமற்ற நீரில் கைவிடப்பட்டது. நிறுவனம் திவாலானதால் ஆண்டுக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. கருவி கடலில் இறங்கும் நாளுக்கு முன்பே, அதைத் திரும்ப எடுப்பதற்கான முழுத்தொகை, நிறுவனம் தொட முடியாத கணக்கு ஒன்றில், துறைமுகத்தின் பெயரில் செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.